பழி இறங்கியதா, பொறுத்துக்கொள்ளப்பட்டதா? ‘எக்ஸானரேட்’ என்ற சொல்லின் பொருளும் பயன்பாடும்

ஆங்கிலச் செய்தியில் ‘எக்ஸானரேட்’ என்ற வினைச்சொல் வந்தால், தமிழுக்கு வரும்போது அது மூன்று விதமாக மாறிவிடுகிறது. ஒரு இடத்தில் ‘மன்னிக்கப்பட்டார்’ என்று போடுகிறார்கள். இன்னொரு இடத்தில் ‘விடுதலையானார்’. வேறொரு இடத்தில் ‘குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்’. படிக்கிறவருக்கு மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் அந்த மனிதர் தப்பு செய்தாரா இல்லையா என்ற கேள்விக்கு இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு பதில்களைச் சொல்கின்றன.

இது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் கிடையாது. சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலிருந்து ஒருவர் தீர்ப்பு நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இவர் இந்தக் குற்றத்தைச் செய்யவே இல்லை’ என்று அதில் எழுதியிருக்கிறது. அவர் பஸ் ஏறி ஊர் போய்ச் சேருவதற்குள் ‘மன்னிச்சு விட்டுட்டாங்களாம்’ என்ற பேச்சு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால், தீர்ப்பு கொடுத்ததை அந்த ஒரு சொல் பறித்துக்கொள்ளும். அதனால்தான் இந்தச் சொல்லை அடியிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்லின் வேர்: சுமையை இறக்குவது

‘எக்ஸானரேட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘ஓனஸ்’ என்றால் சுமை. முன்னால் ஒட்டியிருக்கும் ‘எக்ஸ்’ என்பதற்கு வெளியே, நீக்கி என்று பொருள். சேர்த்துப் பார்த்தால், சுமையை இறக்கிவிடுவது. கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதற்கும் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இதே சொல்தான் புழங்கியது. சரக்கு என்ற பொருள் தேய்ந்துபோய், பழியை இறக்குவது என்ற பொருள் மட்டும் இப்போது தங்கியிருக்கிறது. வழக்கறிஞர்கள் ‘ஓனஸ்’ உங்கள் மேல்தான் என்று சொல்லும்போது, நிரூபிக்கும் சுமை உங்களுடையது என்கிறார்கள். அதுவும் இதே வேர்தான்.

இந்த உருவகம் தமிழுக்கு அந்நியமே இல்லை. நாமும் பழியைச் ‘சுமத்து’கிறோம். குற்றம் சுமத்தினார்கள், வீண்பழி சுமத்தினார்கள் என்றுதான் பேசுகிறோம். ஏற்றுவதற்கு இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்திருக்கும் மொழிக்கு, இறக்குவதற்கு மட்டும் சொல் இல்லாமல் போகாது. நாம் அதைச் செய்தித் தமிழுக்குள் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் காலையில் மூட்டை இறங்குவதைப் பார்த்தால் இந்த வினைச்சொல் எப்படி வேலை செய்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். லாரி மேலே நிற்பவர் மூட்டையைச் சாய்த்துக் கொடுப்பார். கீழே நிற்பவர் குனிந்து பிடரியிலும் முதுகிலும் ஏந்திக்கொள்வார். அந்த மூட்டை கடைக்காரருடையது. ஆனால் சுமந்து நடக்கிறவரைக்கும் பாரம் முழுவதும் சுமக்கிறவருக்குத்தான். தலையில் சும்மாடு கட்டிப் பெரிய கூடையைச் சுமந்து வருபவரைக் கவனியுங்கள். தானாக அதை இறக்கி வைக்க அவரால் முடியாது. ‘ஒரு கை பிடிங்க’ என்று பக்கத்தில் நிற்பவரைத்தான் கூப்பிடுவார்.

பழியும் அப்படித்தான். ஏற்றியது வேறு யாரோ. அது உங்களுடையதாக இல்லாவிட்டாலும், தலையில் இருக்கும்வரை கழுத்து வலிப்பது உங்களுக்குத்தான். ‘நான் செய்யவில்லை’ என்று நீங்களே ஆயிரம் முறை சொன்னாலும் அது இறங்காது. அதிகாரமோ ஆதாரமோ உள்ள இன்னொரு கை வேண்டும். அதனால்தான் ஆங்கிலத்தில் இந்த வினை பெரும்பாலும் செயப்பாட்டில் வருகிறது. ஒருவர் எக்ஸானரேட் ‘செய்யப்படுகிறார்’.

பழைய பாதையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நடந்து களைத்தவர் சுமையை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் ஆறிவிட்டுப் போவார். ஜாமீன் என்பது அந்தக் கல். பாரம் தற்காலிகமாக இறங்கியிருக்கும். மறுபடி தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

மன்னிப்பு ஏன் பொருந்தாது

மன்னிக்க வேண்டும் என்றால் முதலில் தப்பு நடந்திருக்க வேண்டும். ‘உன்னை மன்னித்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னாலே, ‘நீ செய்தாய்’ என்பது அதற்குள் இருக்கிறது. செய்யாதவரிடம் போய் அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும், வரவும் வேண்டும்.

மன்னிப்பதற்குத் தமிழில் இருக்கும் பழைய சொல் பொறுத்தல். பொறை என்றால் பொறுமை. பொறை என்றால் சுமையும்தான். திருக்குறளில் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே உண்டு. தன்னைத் தோண்டுகிறவரையும் நிலம் தாங்குவதுபோலத் தாங்கு என்று தொடங்குகிறது அது. ஆக, ஒருவரைப் பொறுத்துக்கொள்ளும்போது அவர் செய்த தப்பின் பாரத்தைப் பாதிக்கப்பட்டவர் வாங்கித் தன்மேல் வைத்துக்கொள்கிறார். எக்ஸானரேட் செய்யும்போது பாரம் யார்மேலும் மாற்றி வைக்கப்படுவதில்லை. ‘இந்த மூட்டை இவருடையதே இல்லை, தவறாக ஏற்றிவிட்டீர்கள்’ என்று இறக்குகிறார்கள்.

இந்த வித்தியாசத்தை ஒரு நாடே விவாதித்தது. பிரிட்டனில் தபால் நிலையங்களை நடத்திவந்த துணை அஞ்சல் அதிபர்கள் 900க்கும் மேற்பட்டோர், 1999 முதல் 2015 வரை, கணக்கில் பணம் குறைந்ததாகச் சொல்லி வழக்குகளில் சிக்கித் தண்டிக்கப்பட்டார்கள். பணம் குறையவே இல்லை. ‘ஹொரைஸன்’ என்ற கணினி மென்பொருள் தப்பாகக் கணக்குக் காட்டியிருந்தது. வீட்டை விற்றுப் பணம் கட்டியவர்கள் இருந்தார்கள், சிறைக்குப் போனவர்கள் இருந்தார்கள். 2024இல் பிரிட்டன் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு அந்தத் தண்டனைத் தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. ஆங்கிலச் செய்திகளில் அந்த மாதங்களில் திரும்பத் திரும்ப வந்த சொல் எக்ஸானரேட். அரசர் பெயரால் மன்னிப்பு கொடுத்து முடித்திருந்தால், தண்டனையின் விளைவுதான் போயிருக்கும், தீர்ப்பு அப்படியே நின்றிருக்கும். ‘நாங்கள் திருடவில்லை’ என்பதுதான் அவர்கள் கேட்ட பதில். ஆகவே தீர்ப்பையே அழிக்க வேண்டியிருந்தது.

நமக்கும் இது புதிதில்லை. கோவலன் கதையை நினைத்துப் பாருங்கள். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பரல் தெறித்து விழுந்தவுடன் பாண்டியன் ‘கோவலனை மன்னித்தேன்’ என்று சொல்லவில்லை. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்றான். செத்துப்போனவன் தலையிலிருந்து பழி இறங்கியது. தவறாகத் தீர்ப்பளித்த பழி பாண்டியன் தலையில் ஏறியது. எக்ஸானரேட் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஆள், ஏழு முடிவுகள்

ஆங்கிலத்தில் இந்தப் பொருளைச் சுற்றி ஒரு குடும்பமே இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாக அகராதியில் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே ஆளை வைத்துப் பார்த்துவிடலாம். இது கற்பனை.

ஏற்காட்டில் ஒரு மலைக் கிராமத்து ரேஷன் கடை விற்பனையாளர். சேலம் கிடங்கிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி லோடு வருகிறது. ஆய்வுக்கு வந்த அதிகாரி இருப்பைச் சரிபார்க்கிறார். பதிவேட்டில் இருப்பதைவிடச் சர்க்கரை 2 மூட்டை குறைகிறது. விற்பனையாளர் எடுத்து விற்றுவிட்டார் என்று புகார், வழக்கு, துறை விசாரணை எல்லாம் வருகின்றன. அப்புறம் என்னென்ன நடக்கலாம்?

1. வழக்கு விசாரணைக்கே போகவில்லை. குற்றச்சாட்டு வனைய அடிப்படையே இல்லை என்று நீதிபதி ஆரம்பத்திலேயே விட்டுவிடுகிறார். இது ‘டிஸ்சார்ஜ்’, தமிழில் விடுவிப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், அமர்வு நீதிமன்ற வழக்குகளுக்கு 250ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பழைய சட்டத்தில் இது 227.

2. விசாரணை முழுக்க நடந்தது. சாட்சிகள் பிறழ் சாட்சியானார்கள், அல்லது ஆதாரம் போதவில்லை. சந்தேகத்தின் பலனை அளித்து நீதிபதி விடுகிறார். இது ‘அக்விட்’. வழக்கிலிருந்து விடுதலை. அவர் எடுக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னதாக ஆகாது. எடுத்தார் என்று நிரூபிக்க முடியவில்லை என்பதுதான் தீர்ப்பு.

3. கிடங்கின் எடைச் சீட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். லாரியில் ஏற்றும்போதே 2 மூட்டை குறைவு என்று தெரிகிறது. கடைக்கு வந்து சேராத சர்க்கரையை யாராலும் எடுத்திருக்க முடியாது. இதுதான் எக்ஸானரேட். பழி இறங்கியது.

4. இரண்டு பேர் சேர்ந்து செய்த மோசடி அது. இவர் உண்மையை எல்லாம் சொல்லிவிட ஒத்துக்கொள்கிறார். நீதிமன்றம் மன்னிப்பு அளித்து இவரை அப்ரூவர் ஆக்குகிறது. இது ‘பார்டன்’. தண்டனை விதிக்கப்பட்ட பிறகு ஆளுநரோ குடியரசுத் தலைவரோ அரசமைப்புச் சட்டத்தின் 161, 72ஆம் பிரிவுகளின்படி தருவதற்கும் இதே பெயர்தான். இரண்டிலும் குற்றம் குற்றமாகவே இருக்கிறது.

5. சர்க்கரை குறைந்தது உண்மை. ஆனால் மழையில் கூரை ஒழுகி மூட்டை கரைந்துபோனது. ‘நடந்தது, ஆனால் இவரைக் குற்றம் சொல்ல முடியாது’ என்று விட்டால் அது ‘எக்ஸ்கியூஸ்’.

6. குறைந்தது தெரிந்தும் மேலதிகாரி கண்டுகொள்ளவில்லை. சின்ன விஷயம் என்று ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடரவிட்டார். இது ‘கண்டோன்’. கல்லூரியில் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனவர்கள் கட்டும் ‘கண்டோனேஷன் ஃபீஸ்’ எல்லோருக்கும் தெரியும். அது இந்தச் சொல்தான். கெடு தாண்டி மேல்முறையீடு செய்பவர் போடும் தாமத மன்னிப்பு மனுவும் இதுவே. குறை இருக்கிறது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்திலும் இந்தச் சொல் வருகிறது. கணவனோ மனைவியோ செய்த கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்பவர், அந்தக் கொடுமையை முன்பே ‘கண்டோன்’ செய்தவராக இருக்கக் கூடாது.

7. விற்பனையாளர் எடுத்தது உண்மை. மனம் உறுத்துகிறது. கத்தோலிக்கராக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். குருவானவர் பாவமன்னிப்பு அளிக்கிறார். இது ‘அப்சால்வ்’. வழக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கடைசிச் சொல்லில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும். ‘அப்சால்வ்’ என்பதன் வேர் கட்டை அவிழ்ப்பது. ரோமாபுரி நீதிமன்றங்களில் நடுவர்கள் மெழுகு பூசிய சிறு பலகையில் ஓர் எழுத்தை விட்டுவைத்து வாக்களிப்பார்கள். ‘ஏ’ என்றால் அப்சால்வோ, விடுகிறேன். ‘சி’ என்றால் கண்டெம்னோ, தண்டிக்கிறேன். மூன்றாவதாக ஒன்று இருந்தது: ‘என்எல்’, நோன் லிக்வெட், தெளிவாகவில்லை. 2,000 ஆண்டுகளுக்கு முன்னாலேயே அவர்கள் தெளிவாகவில்லை என்பதற்குத் தனி எழுத்து வைத்திருந்தார்கள். நாம் இன்று ‘செய்யவில்லை’, ‘தெளிவாகவில்லை’ இரண்டையும் ‘விடுதலை’ என்ற ஒரே சொல்லில் அடைக்கிறோம்.

அன்றாட ஆங்கிலத்தில் ‘அப்சால்வ்’ பெரும்பாலும் எதிர்மறையில் வரும். ‘மேலதிகாரி சொன்னார் என்பதற்காக உன் பொறுப்பு தீர்ந்துவிடாது’ என்ற இடத்தில் அது சரியாக உட்காரும்.

‘அக்விட்’ என்பதன் வேர் கடனைத் தீர்ப்பது. அரசு அலுவலகங்களில் சம்பளம் வாங்கியதற்குக் கையெழுத்துப் போடும் ‘அக்விட்டன்ஸ்’ பதிவேடு அங்கிருந்து வந்ததுதான். உனக்குத் தர வேண்டியது தீர்ந்தது, பாக்கி இல்லை. கிரிக்கெட் செய்தியில் ஒரு புது வீரர் நன்றாக ‘அக்விட்’ செய்துகொண்டார் என்று வந்தால், வழக்கு எதுவும் இல்லை. தன்மேல் இருந்த எதிர்பார்ப்பை ஈடுசெய்தார், நன்றாக ஆடினார் என்று மட்டும் பொருள்.

‘விடுதலை’ என்ற ஒற்றைச் சொல்

செய்தித் தமிழில் குழப்பத்தின் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ‘ஜாமீனில் விடுதலை’ என்கிறோம். தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்தாலும் விடுதலை. அண்ணா பிறந்தநாளையொட்டி ஆயுள் கைதிகள் வெளியே வந்தால் முன்விடுதலை. வழக்கிலிருந்து அக்விட் ஆனாலும் விடுதலை. சேலம் மத்தியச் சிறையின் கதவு இந்த நான்கு பேருக்கும் ஒரே மாதிரிதான் திறக்கும். ஆனால் நான்கு பேரின் கையிலும் இருக்கும் காகிதம் நான்கு விதமானது.

2022 மே 18 அன்று, அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த பேரறிவாளனை விடுவித்தது. எல்லாத் தமிழ்ச் செய்திகளிலும் ‘விடுதலை’ என்றுதான் வந்தது. அந்தச் சொல் சரியானதே. ஆனால் அது எக்ஸானரேட் ஆகாது. தண்டனைக் காலத்தை அத்துடன் முடித்து வைத்தது அந்த உத்தரவு. குற்றவாளி என்று 1999இல் உறுதியான தீர்ப்பை அது தொடவில்லை. அவரை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் அந்த நாட்களில் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் வாதாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு நேர் எதிர் முனையில் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன். 1994இல் உளவு வழக்கில் கைதாகி 50 நாள் சிறையில் இருந்தார். 1996இல் சிபிஐ, குற்றச்சாட்டுகள் பொய்யானவை என்று அறிக்கை கொடுத்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2019இல் பத்மபூஷண். அவர்மேல் சாட்சி விசாரணை நடந்து தீர்ப்பு வரவே இல்லை, அதனால் ‘அக்விட்’ என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. எக்ஸானரேட் என்பதுதான் பொருந்தும். பழி அவருடையதாக இருந்ததே இல்லை என்று அரசே ஒத்துக்கொண்டது.

அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்குத் தனிப் பெயரே இருக்கிறது: ‘எக்ஸானரி’. தவறாகத் தண்டிக்கப்பட்டுப் பின்னர் குற்றமற்றவர் என்று ஆனவர்கள், 1989 முதல் 3,000 பேருக்கு மேல், ஒரு தேசியப் பதிவேட்டில் இருக்கிறார்கள். டிஎன்ஏ சோதனை வந்த பிறகுதான் அங்கே இந்தச் சொல் நீதிமன்றத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தது.

சேலத்தின் பழைய வழக்கு ஒன்று

1882இல் சேலம் நகரத்தில் பெரிய கலவரம் நடந்தது. அதைத் தூண்டியவர் என்று இளம் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார்மேல் குற்றம் சுமத்தி 10 ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். அப்போது அவருக்கு வயது 30. அவர் கருணை கேட்கவில்லை. மேல்முறையீட்டில் சட்டத்தை வைத்தே வாதாடி, தன்மேல் இருந்த குற்றச்சாட்டை உடைத்தார். அதே கலவரத்தில் அந்தமான் தண்டனை பெற்ற மற்றவர்களுக்காக வைஸ்ராய் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டார்.

இந்த இரண்டு பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வைஸ்ராயிடம் போவது தண்டனையைத் தவிர்க்கும் வழி. நீதிமன்றத்தில் போய் நின்று ‘நான் செய்யவில்லை’ என்று நிறுவுவது பழியை இறக்கும் வழி. ஒரே ஊரில், ஒரே கலவரத்தில், ஒரே மனிதர் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து இரண்டையும் செய்திருக்கிறார்.

அவர் அத்துடன் நிறுத்தவும் இல்லை. வழக்கைக் காரணமாக வைத்து நகராட்சிப் பதவியிலிருந்து தன்னை நீக்கியதை எதிர்த்து, பிரிட்டிஷ் அரசின் இந்தியாவுக்கான அமைச்சர்மேலேயே வழக்குப் போட்டார். 1884ஆம் ஆண்டின் சென்னைத் தீர்ப்புத் தொகுப்பில் அந்த வழக்கு இருக்கிறது. பழி இறங்கினால் போதாது, பழியோடு சேர்த்துப் பறித்ததும் திரும்பி வர வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1920இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். தென்னிந்தியாவின் சிங்கம் என்ற பெயர் இந்தச் சேலம் வழக்கிலிருந்துதான் வளர்ந்தது.

சம்பளத்தில் போய் முட்டும் சொல்

பறித்தது திரும்ப வருவது என்ற இடத்தில்தான் எக்ஸானரேட் என்ற சொல்லுக்குப் பணமதிப்பு வருகிறது. அரசு ஊழியர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒரு எழுத்தருக்கு, பெரிய தண்டனை வரைக்கும் போகக்கூடிய 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வருகிறது. விசாரணை முடிந்து பணிநீக்கம் செய்கிறார்கள். மேல்முறையீட்டில் மறுபடி பணியில் சேர்க்கிறார்கள். இடையில் போன மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? அடிப்படை விதிகளில் 54ஆம் விதி இதற்குப் பதில் சொல்கிறது. அவர் ‘முழுமையாக எக்ஸானரேட்’ ஆனவர் என்று அதிகாரமுள்ளவர் கருதினால், முழுச் சம்பளமும் படிகளும் தர வேண்டும், அந்தக் காலம் பணிக்காலமாகவே கணக்கிடப்படும். அப்படிக் கருதவில்லை என்றால், எவ்வளவு தருவது என்பதை அதிகாரி தீர்மானிப்பார், முழுதாக வராது. பணிக்காலம் எப்படிக் கணக்காகிறது என்பது ஊதிய உயர்வு, ஓய்வூதியம் வரைக்கும் போகும். தற்காலிகப் பணிநீக்கத்துக்கு 54-பி என்று தனி விதி இருக்கிறது. அங்கே அந்தத் தற்காலிக நீக்கம் ‘முற்றிலும் நியாயமற்றதா’ என்று பார்ப்பார்கள்.

சரி, குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையாகிவிட்டால் துறை விசாரணையும் தானாகவே முடிந்துவிடாதா? முடியாது. காரணம், இரண்டு இடங்களிலும் தராசு வேறு. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில், நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று தெரிந்தாலே போதும். பெரிய தராசில் நிற்காத குற்றம் சின்னத் தராசில் நிற்கலாம். தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில் 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. சாட்சிகள் பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலை, ‘கௌரவமான விடுதலை’ ஆகாது என்றது. இந்தத் தொடருக்குக் குற்றவியல் சட்டத்தில் வரையறையே இல்லை, தீர்ப்புகள்தான் அதை உருவாக்கியிருக்கின்றன. முழு ஆதாரத்தையும் பார்த்து, அரசுத் தரப்பு படுதோல்வி அடைந்தது என்று நீதிமன்றம் சொன்னால்தான் அது கௌரவமான விடுதலை. கிட்டத்தட்ட எக்ஸானரேட் என்பதற்கு இந்தியச் சட்டம் வைத்திருக்கும் மறுபெயர் அது.

தலைகீழாகவும் ஒரு கேள்வி உண்டு. சின்னத் தராசிலேயே நிற்காமல், துறை விசாரணையில் ஒருவர் எக்ஸானரேட் ஆகிவிட்டார். அதே குற்றச்சாட்டில் குற்ற வழக்கு தொடரலாமா? தகுதியின் அடிப்படையில் குற்றமற்றவர் என்று ஆகியிருந்தால், வழக்கைத் தொடர்வது முறையாகாது என்று உச்ச நீதிமன்றம் சில வழக்குகளில் ரத்து செய்திருக்கிறது. தானாகவே ரத்தாகிவிடாது என்று சொன்ன தீர்ப்பும் உண்டு. எந்தக் காரணத்துக்காக விட்டார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

ஆகவே ஆணை கையில் வந்ததும், கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கக் கூடாது. ‘மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது’ என்று முடிந்திருக்கிறதா, ‘குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை’ என்று இருக்கிறதா, ‘குற்றச்சாட்டுகளிலிருந்து முழுமையாக விடுவிக்கப்படுகிறார்’ என்று இருக்கிறதா? முதலாவது, ஃபைலை மூடியது மட்டும். பழி இன்னும் சுமைதாங்கிக் கல்மேல்தான் இருக்கிறது.

வாக்கியத்தில் எப்படி வரும்

ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்களுக்குச் சில குறிப்புகள் போதும்.

1. அழுத்தம் இரண்டாவது அசையில். ‘இக்-ஸா-ன-ரேட்’.

2. செயப்படுபொருள் பெரும்பாலும் ஆள். அந்த ஆளை ஒரு குற்றச்சாட்டிலிருந்து எக்ஸானரேட் செய்யலாம். குற்றச்சாட்டையே எக்ஸானரேட் செய்ய முடியாது. ‘இலிருந்து’ என்ற இடத்தில் ‘ஆஃப்’, ‘ஃப்ரம்’ இரண்டும் வரலாம்.

3. எழுவாய் நீதிமன்றமாகவோ விசாரணைக் குழுவாகவோ மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஆதாரமும் எழுவாயாக வரும். சிசிடிவி பதிவு ஒருவரை எக்ஸானரேட் செய்யலாம், எடைச் சீட்டும் செய்யலாம். அக்விட் அப்படி வராது. அதை நீதிமன்றம்தான் செய்ய முடியும்.

4. சொந்தத் தகராறில், ‘அவள் என்னை மன்னித்துவிட்டாள்’ என்ற பொருளில் இதைப் போடக் கூடாது. அங்கே ‘ஃபர்கிவ்’ போதும்.

தமிழில் என்ன எழுதலாம்

‘மன்னிப்பு’ என்ற சொல்லை இந்த இடத்தில் முழுவதும் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து. ‘விடுதலை’ என்று எழுதினால், எதனால் விடுதலை என்பதையும் அதே வரியில் சேர்க்க வேண்டும்: சந்தேகத்தின் பலனால் விடுதலை, குற்றமற்றவர் என்பதால் விடுதலை. இரண்டு சொல் கூடும், இடம் பெரிதாகப் போய்விடாது. ஆட்சித்துறையில் ‘குற்றமற்றவர் என அறிவித்தல்’ பொருந்துகிறது. கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் சிதறாது. ‘பழிநீக்கம்’ என்று சுருக்கியும் எழுதலாம்.

பேச்சில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒருவர்மேல் திருட்டுப் பழி வந்து, கோயில் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால், அப்புறம் ஊர்க்காரர்கள் அவரை ‘மன்னிச்சுட்டோம்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘அவன் மேல பழி இல்லை’ என்பார்கள். அந்த ஏற்காட்டு விற்பனையாளரின் எடைச் சீட்டு கிடைத்த அன்று செய்தி எழுத வேண்டியிருந்தால், தலைப்பும் அதேதான்: ‘சர்க்கரை மூட்டை விவகாரம்: விற்பனையாளர் மீது பழி இல்லை’.